எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் பிரவுன் ரைஸ்: வெளியே களி, நடுவில் நறுக்

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அப்பா சில மாதம் எங்களோடு இருக்கத் திருவாரூரிலிருந்து வந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வெள்ளைச் சோற்றைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆனால் மதியத்தில் ஒரு பிடி சோறாவது இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. சப்பாத்தி, ஓட்ஸ், கினோவா எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. மறுக்காமல் சாப்பிடுவார், ஆனால் முகத்தில் தெரிந்துவிடும். அதனால் பிரவுன் ரைஸ் வாங்கினேன். நீள அரிசி, பாஸ்மதி இல்லை, இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ரகம்.

வீட்டில் மின்சாரச் சுருள் (காயில்) அடுப்பு. ஊர் குக்கரை அதில் வைத்தால் சூடு ஏறவும் நேரமாகிறது, அணைத்தபிறகு இறங்கவும் நேரமாகிறது. அதனால் தினமும் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்தான், ஆறு குவார்ட் அளவு. வெள்ளை அரிசி அதில் அருமையாக வருகிறது. பிரவுன் ரைஸ்தான் பிடிபடவே மாட்டேன் என்கிறது. ‘ரைஸ்’ பட்டனை அழுத்தி ஒன்றுக்கு ஒன்றரை தண்ணீர் வைத்தால் ஒவ்வொரு பருக்கையும் நடுவில் நறுக்கென்று கடிபடுகிறது. சரி, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று ஒன்றுக்கு இரண்டரை ஊற்றி நேரத்தையும் கூட்டினால் பருக்கை வெளியே வெடித்துக் களியாகி, அடியில் கஞ்சி தேங்கி நிற்கிறது, அப்போதும் சில பருக்கை நடுவில் வேகாமல் இருக்கிறது. ஆவியை வெளியேற்ற வால்வைத் திருப்பினால் கஞ்சி நுரையோடு சேர்ந்து பீய்ச்சி அடித்து மேடையெல்லாம் பிசுபிசுப்பு.

ஊரில் அம்மாவைக் கேட்டால் “ஏழெட்டு விசில் விடு” என்கிறார், இதில் விசிலே கிடையாது. தண்ணீர் எவ்வளவு, எத்தனை நிமிடம், ஊற வைப்பது அவசியமா? எங்களுக்குப் புலாவுக்கு உதிரியாக வேண்டாம், சாம்பாரும் மோர்க்குழம்பும் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிற பதத்தில் வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


நீராவி:

முதலில் விசில் கணக்கை ஒதுக்கி வையுங்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஊர் குக்கர் ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் ஆவியை வெளியே தள்ளுகிறது, அதாவது நாம் ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு சமையலறைக் காற்றுக்குப் போய்விடுகிறது, அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் அம்மா தண்ணீர் அளக்கிறார். எலக்ட்ரிக் குக்கரில் மூடியிலிருக்கும் சின்னக் குண்டூசி போன்ற வால்வு மேலே எழும்பி அடைத்துக்கொள்ளும்வரை கொஞ்சம் ஆவி கசியும், அதற்குப் பிறகு ஒன்றுமே வெளியேறாது. அரிசி குடித்தது போக மிஞ்சுவதெல்லாம் கஞ்சியாக அடியில் நிற்கும். அரிசி குடிப்பதோ, வெள்ளையானாலும் பழுப்பானாலும், ஏறக்குறைய தன் அளவுக்குச் சமமான தண்ணீரைத்தான். பையில் ஒன்றுக்கு இரண்டு, இரண்டேகால் என்று அச்சடித்திருப்பார்களே, அது திறந்த அடுப்பில் முக்கால் மணி நேரம் கொதித்து ஆவியாகிப் போகிற தண்ணீரையும் சேர்த்த கணக்கு. அதை இதற்குள் கொண்டுவந்தால் களிதான்.

அடுத்தது சூடு. நம் ஊர் குக்கர் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும், உள்ளே 121 டிகிரி செல்சியஸ் இருக்கும். எலக்ட்ரிக் குக்கர்கள் பெரும்பாலும் ஹை பிரஷரிலேயே 10 முதல் 12 பிஎஸ்ஐ வரைதான் போகும், 115 முதல் 118 டிகிரி. லோ பிரஷரில் 110 டிகிரியை ஒட்டி. ‘ரைஸ்’ பட்டன் வெள்ளை அரிசியை மனதில் வைத்து அமைத்தது. இன்ஸ்டன்ட் பாட் டுவோ போன்றவற்றில் அது லோ பிரஷரில், பன்னிரண்டு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். தவிடு நீக்காத அரிசிக்கு அது எந்த வகையிலும் போதாது. கடிபட்டதற்குக் காரணம் தண்ணீர்க் குறைவு இல்லை, நேரமும் சூடும் குறைவு. நீங்கள் தண்ணீரைக் கூட்டினீர்கள், அதனால் இரண்டாவது பிரச்சினை வந்து சேர்ந்தது.

தவிட்டுப் படலத்தில் எண்ணெயும் நாரும் இருக்கின்றன, மெழுகுத்துணி சுற்றிய மாதிரி அது தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே விடும். உள்ளே மாவுச்சத்து வெந்து இளகத் தண்ணீரும் வேண்டும், சூடும் வேண்டும், இரண்டும் நடுப்பகுதி வரை போய்ச் சேர வேண்டும். காய்ந்த அரிசியை நேராகப் போட்டு நிறையத் தண்ணீரில் வேக வைத்தால் வெளிப்புறம் தேவைக்கு மேல் குடித்து உப்பி வெடிக்கிறது, நடுப்பகுதிக்கு அந்த நேரத்தில் தண்ணீரே போய்ச் சேர்ந்திருக்காது. களியும் கடியும் ஒரே பருக்கையில் இருப்பது அதனால்தான்.

இனி அளவு. ஊற வைக்காத நீள பிரவுன் ரைஸ் என்றால் ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர், ஹை பிரஷரில் 22 நிமிடம், முடிந்ததும் தொடாமல் 10 முதல் 15 நிமிடம் பிரஷர் தானாக அடங்க விடுங்கள். இது உதிரியாக, கொஞ்சம் மெல்லுகிற பதத்தில் வரும். நீங்கள் கேட்கிற பிசையும் பதத்துக்கு ஒன்றரை கப், 25 நிமிடம். அளவைக் கூட்டும்போது தண்ணீரை அதே விகிதத்தில் ஏற்றாதீர்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் கசிகிற ஆவி அரிசி ஒன்றானாலும் மூன்றானாலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். மூன்று கப் அரிசிக்கு உதிரிப் பதம் வேண்டுமென்றால் மூன்றேகால் கப் தண்ணீர் போதும். பாத்திரத்தில் அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக் கோட்டைத் தாண்டக் கூடாது, அரிசி உப்பும், நுரைக்கும், வால்வை அடைத்துவிட்டால் ஆபத்து.

காத்திருப்பதை மட்டும் சுருக்காதீர்கள். நேரம் முடிந்தவுடன் வால்வைத் திருப்பினால் உள்ளே அழுத்தம் சட்டென்று விழுகிறது, 115 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் அந்தக் கணமே கொந்தளித்துக் கொதிக்கிறது, அந்தக் கொந்தளிப்பில் பருக்கை உடைகிறது, மாவு நுரையாகி வால்வு வழியாக வருகிறது. உங்கள் மேடைக்கு நடந்தது அதுதான். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேறொன்றும் நடக்கிறது: சூடு இன்னும் 100 டிகிரிக்கு மேல்தான் இருக்கும், பருக்கைக்கு வெளியே ஒட்டியிருக்கும் ஈரத்தை அரிசி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுவும் சமையல் நேரம்தான். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நுரையும் குறையும்.

இன்னொன்று கேட்க வேண்டும். அரிசியையும் தண்ணீரையும் ஒரே கப்பில் அளக்கிறீர்களா? குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் 180 மில்லி, கடையில் வாங்கும் அமெரிக்க அளவுக் கப் 240 மில்லியை ஒட்டி. இதில் அரிசி, அதில் தண்ணீர் என்று போனால் ஒன்றரை என்று நினைத்தது உண்மையில் இரண்டாகிவிடும். எந்தக் கப்பானாலும் சரி, இரண்டுக்கும் அதுவே இருக்கட்டும். ஊரிலிருந்து ஆழாக்கு கொண்டுவந்திருந்தால் அதுவே போதும், 168 மில்லி, ஆள் கணக்குப் பார்த்துப் போட நமக்குக் கை பழகிய அளவு.


காவிரிக்கரை:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிகவும் நன்றி சகோ. பாதிக்கும் மேல் இப்போதுதான் புரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி. பெரும்பாலான நாட்களில் அப்பாவுக்கு மட்டும்தான் இது, முக்கால் கப் அரிசி போதும், எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெள்ளை அரிசி. அவ்வளவு கொஞ்சமாக இந்தக் குக்கரில் வைக்கலாமா? அப்புறம் அப்பா வரும்போது மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கும் இதே கணக்குத்தானா?


கோவை_அடுக்களை:

முக்கால் கப்பை நேராகப் பாத்திரத்தில் போடாதீர்கள்மா. அழுத்தம் உருவாக இந்தக் குக்கர்களுக்குக் குறைந்தது ஒன்று முதல் ஒன்றரை கப் தண்ணீராவது அடியில் வேண்டும், அவ்வளவு தண்ணீர் ஊற்றினால் முக்கால் கப் அரிசி குழைந்துவிடும், குறைத்தால் அடிபிடித்து ‘பர்ன்’ என்று காட்டி நின்றுவிடும். அதற்குத்தான் நம் வீடுகளில் காலம் காலமாகச் செய்கிற அடுக்கு முறை இருக்கிறதே. அடியில் ஒன்றரை கப் தண்ணீர், அதன்மேல் குக்கரோடு வரும் கம்பி ஸ்டாண்ட், அதன்மேல் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் அரிசியும் அதற்கு வேண்டிய தண்ணீரும். நான் வேலைக்குப் போகிறவள், காலையில் கீழ்ப் பாத்திரத்தில் துவரம்பருப்பு, மேலே கைக்குத்தல் அரிசி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். பருப்புக்குப் பெருங்காயமும் மஞ்சளும் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தயார். பருப்பு அவ்வளவு நேரம் வெந்தால் நன்றாக மசியும், சாம்பாருக்கு அதுதானே வேண்டும்.

பாத்திரத்துக்குள் பாத்திரம் என்பதால் சூடு உள்ளே போகக் கொஞ்சம் தாமதமாகும். நேரடியாக 22 நிமிடம் என்றால் இதில் 28, 30 நிமிடம் வையுங்கள். முக்கால் கப் அரிசிக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் அப்பாவுக்குப் பிடித்த பதத்தில் வரும். பாத்திரத்தில் முக்கால்வாசிக்குக் கீழேயே நிற்கட்டும், வெந்தால் பொங்கும். மேலே தட்டு மூடி வைப்பவர்கள் நேரத்தை இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கூட்ட வேண்டியிருக்கும், நான் மூடுவதில்லை. இந்த முறையில் அடிபிடிப்பது என்ற பேச்சே இல்லை, கழுவுவதும் எளிது.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வருகிறேன். அது கெட்டியான, தடித்த சிவப்பு அரிசி, உங்கள் ஊர்ப் பக்கத்து அரிசிதான். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, விதை கொடுத்து, அடுத்த வருடம் அதைப் பெருக்கித் திருப்பி வாங்கி, இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களை வயலுக்குத் திரும்பக் கொண்டுவந்தாரே, அதில் எல்லோர் வாயிலும் நிற்கிற பெயர் இது. 2018இல் அவர் போய்விட்டார், ஆனால் இன்று கோவைக் கடையில் காட்டுயானமும் பூங்காரும் குள்ளகாரும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது அவரையும் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவையும் நினைக்காமல் இருக்க முடியாது.

இந்த அரிசிகளை ஊற வைக்காமல் எந்தக் குக்கரிலும் போடாதீர்கள். முந்தின நாள் இரவே நன்றாகக் கழுவி ஊற வைத்துவிட வேண்டும், எட்டு மணி நேரமாவது. வெயில் காலத்தில் புளித்த வாடை வரும், ஃபிரிட்ஜில் வைத்து ஊற விடுங்கள். அடுக்கு முறையில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், 35 நிமிடம், பிரஷர் முழுக்க அடங்கும்வரை விட்டுவிடுங்கள். புழுங்கல் மாப்பிள்ளைச் சம்பாவும் கிடைக்கிறது, பச்சையும் கிடைக்கிறது, பையில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா கொண்டுவந்தது எது என்று அவரிடமே கேளுங்கள், சொல்லிவிடுவார். பச்சரிசி சீக்கிரம் குழையும், அதற்கு ஒன்றரை தண்ணீர் போதும், நேரத்திலும் ஐந்து நிமிடம் குறைக்கலாம்.

கருப்புக் கவுனி ஊறின தண்ணீர் ஊதாவாக இருக்கும், அதைக் கொட்டிவிடாதீர்கள். அந்த நிறம்தான் ஆந்தோசயனின், தண்ணீரில் கரைகிற பொருள், ஊறின தண்ணீரிலேயே வேக வைத்தால் சத்தும் நிறமும் சோற்றிலேயே இருக்கும். அதனால் ஊற வைப்பதற்கு முன்பே நன்றாகக் கழுவிவிடுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் அதைச் சர்க்கரையும் தேங்காயும் போட்டு இனிப்பாகத்தான் செய்வார்கள், அப்பாவுக்கு அது வேண்டாம், உப்புப் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி மோர் ஊற்றிக் கொடுங்கள், சின்ன வெங்காயத்தோடு அவ்வளவு நன்றாக இருக்கும்.


பனையோலை:

நான் டொராண்டோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் குத்தரிசிச் சோறுதான் எப்போதும், அது சிவப்புப் புழுங்கல், தவிட்டோடு இருப்பது. இங்கே தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் கிடைக்கும், நியூ ஜெர்சியிலும் இலங்கைச் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள் தங்கச்சி. உங்கள் அப்பாவுக்கு அந்த நீள பிரவுன் ரைசைவிடக் குத்தரிசிதான் வாய்க்குப் பிடிக்கும் என்பது என் எண்ணம், ஏனென்றால் புழுங்கல் அரிசி சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அந்த மணம் தெரியும். ஒரு காரியம், ஊர் அரிசியில் கல் இருக்கலாம், அரித்துத்தான் போட வேண்டும். அரிக்கன் சட்டி இல்லாவிட்டாலும் இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி அலைத்து ஊற்றினால் கல் அடியில் தங்கிவிடும்.

மேலே எல்லோரும் தண்ணீரை அளந்து வற்ற வைக்கும் முறையைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தவிட்டு அரிசியை நான் வடித்துத்தான் சமைப்பேன், அதற்குக் காரணம் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள். நெல் தண்ணீர் தேங்கிய வயலில் வளர்வதால் மண்ணில் இருக்கும் ஆர்சனிக்கை மற்றத் தானியங்களைவிட அதிகம் உறிஞ்சும், உறிஞ்சியது பெரும்பாலும் தவிட்டுப் பகுதியில் சேரும். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சோதித்துப் பார்த்தபோது ஒரே வகை அரிசியில் வெள்ளையைவிடப் பழுப்பில் சராசரியாக 80 சதவீதம் அதிகம் கனிம ஆர்சனிக் இருந்தது. கலிபோர்னியா, இந்தியா, பாகிஸ்தான் பாஸ்மதி பிரவுன் ரைசில் மற்றப் பிரவுன் ரைசைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றும் சொன்னார்கள். ஆர்கன்சா, லூசியானா, டெக்சஸ் பக்கம் முன்பு பருத்தி போட்டு ஆர்சனிக் மருந்து அடித்த நிலங்கள் பல இன்று நெல் வயல். உங்கள் பையில் எந்த மாநிலத்து அரிசி என்று பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுவதற்கு இதையெல்லாம் யோசிக்கத் தேவையில்லை, ஆனால் ஒருவர் தினமும் சாப்பிடப் போகிறார் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

எலக்ட்ரிக் குக்கரிலேயே இதைச் செய்யலாம். மூடாமல் வதக்குவதற்கான ‘சாத்தே’ பட்டனில் வைத்து நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, அதில் அரிசியைப் போட்டு ஐந்து நிமிடம் கொதித்ததும் அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுங்கள். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி மூடிப் பிரஷரில் வையுங்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்துப் பின் புதுத் தண்ணீரில் வற்ற வைத்ததில் பழுப்பு அரிசியில் பாதிக்கும் மேல் ஆர்சனிக் போய்விட்டது, சத்துக்கள் பெரும்பாலும் தங்கின. அரிசி ஏற்கெனவே பாதி குடித்திருப்பதால் ஒரு கப்புக்கு முக்கால் கப் புதுத் தண்ணீரே போதும், நேரமும் 16, 17 நிமிடமாகக் குறையும். குக்கருக்குக் குறைந்தபட்சத் தண்ணீர் வேண்டும் என்று மேலே சொன்னார்கள் அல்லவா, அதற்காக இரண்டு கப் அரிசியாக வையுங்கள், அல்லது வடித்த அரிசியை அடுக்கு முறையில் உள்ளே வையுங்கள்.


கோவை_அடுக்களை:

பனையோலை அண்ணா, வடிப்பதில் எனக்கு மறுப்பில்லை, எங்கள் ஆத்தா காலத்தில் வடிக்காத சோறே கிடையாது. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவையும் கவுனியையும் கொதித்த தண்ணீரைக் கொட்டிச் சமைத்தால் எதற்காக அந்த அரிசியைத் தேடி வாங்கினோமோ அதுவே பாதி போய்விடும். கடையில் வாங்கின அமெரிக்க நீள அரிசிக்கு நீங்கள் சொல்வது சரி. ஊரிலிருந்து வந்த ஒரு கிலோவுக்கு வேண்டாம் என்பேன்.


பனையோலை:

அது நியாயம். அவர் தினமும் சாப்பிடப் போகிற அரிசி எதுவோ அதற்கு மட்டும் செய்தால் போதும்.


ஆலமரத்தடி:

சமையல் பக்கத்தை எல்லோரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் சர்க்கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சென்னையில் என் அம்மாவுக்காக இதையெல்லாம் தேடிப் படித்தேன், அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

பிரவுன் ரைசுக்கு மாறுவதில் பலன் உண்டு. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் உடல் எடை கூடிய நம் ஆட்களுக்கே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. அதே சாப்பாட்டில் வெள்ளை அரிசிக்குப் பதில் பிரவுன் ரைஸ் கொடுத்தபோது நாள் முழுக்க இரத்தச் சர்க்கரை ஏறுவது ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. இன்னொரு ஆய்வில் ஒரே அரிசியைத் தீட்டாமல், லேசாகத் தீட்டி, முழுக்கத் தீட்டி என்று மூன்றாகச் சோதித்தார்கள். தீட்டாததற்குக் கிளைசீமிக் இண்டெக்ஸ், அதாவது சாப்பிட்டபின் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்கிற அளவு, 57ஐ ஒட்டி, லேசாகத் தீட்டியதற்கே 73, முழு வெள்ளைக்கு 80ஐ ஒட்டி. நடுவில் இருக்கிற எண்ணைக் கவனியுங்கள். “ஹாஃப் பாலிஷ்”, “சிங்கிள் பாலிஷ்” என்று விற்பதை வாங்கிவிட்டு நாமும் தவிட்டு அரிசிதான் சாப்பிடுகிறோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது, சர்க்கரை விஷயத்தில் அது வெள்ளை அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பருக்கை முழுக்க ஒரே பழுப்பாக, முனையில் முளைக்கரு தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

அதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம். குழையக் குழைய வேக வைத்தால் மாவுச்சத்து சீக்கிரம் செரித்துச் சர்க்கரையும் சீக்கிரம் ஏறும். அப்பாவுக்குப் பிசையும் பதம் பிடிக்கும் என்பது புரிகிறது, ஆனால் ஒன்றரை தண்ணீர், 25 நிமிடத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றேகாலுக்கு இறக்கிப் பாருங்கள். விரலில் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் பருக்கையாகத் தெரிய வேண்டும். நாக்கு பழகிவிடும், என் அம்மாவுக்குப் பழகியது.

அளவும் முக்கியம். பழுப்பாக இருந்தாலும் சோறு சோறுதான். வெந்த பிரவுன் ரைஸ் ஒரு கப்பில் 45 கிராம் போல மாவுச்சத்து இருக்கிறது, வெள்ளையிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வித்தியாசம் நாரில்: இதில் மூன்று, மூன்றரை கிராம், அதில் அரை கிராம் சுற்றி. ஆகவே முக்கால் கப் அரிசியை ஒரே வேளைக்கு வைக்காதீர்கள், வெந்தால் அது இரண்டு கப்புக்கு மேல் வரும். மதியம் ஒரு கப்புக்குக் கீழே சோறு, கூடவே கீரையோ அவரைப் பொரியலோ இரண்டு பங்கு, பருப்போ சுண்டலோ ஒரு கிண்ணம். மிச்சத்தை உடனே ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கிக் கொடுக்கலாம், ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி செரிக்காத வகைக்கு மாறுகிறது, அதுவும் நல்லதே. வெளியே மணிக்கணக்காக வைத்துவிடாதீர்கள், வெந்த அரிசியில் பேசிலஸ் என்ற கிருமி விஷத்தை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. குக்கரின் ‘கீப் வார்ம்’ 60 டிகிரிக்கு மேலே வைத்திருப்பதால் சில மணி நேரத்துக்குப் பாதுகாப்பு, ஆனால் சோறு அடியில் காய்ந்துவிடும்.

அரிசி மாற்றின முதல் சில நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். எண்ணைப் பார்த்தால்தான் அவருக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று தெரியும். மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் என்றால் அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள், சர்க்கரை இறங்கினால் மருந்தின் அளவையும் அவர்தான் மாற்ற வேண்டும்.


நீராவி:

ஆலமரத்தடி சொன்ன எண்களுக்கு நன்றி, அந்த நடு எண் எனக்குப் புதிது. விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்க்கிறேன்.

சாதாரண நீள பிரவுன் ரைசை ஊற வைப்பது கட்டாயம் இல்லை, ஆனால் வைத்தால் பதம் சீராக வரும், நடுவில் கடிக்கவே கடிக்காது. ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறினாலே போதும். ஊறியதை வடித்துவிட்டு ஒன்றுக்கு ஒன்று தண்ணீர், 15 முதல் 18 நிமிடம். ‘மல்டிகிரெய்ன்’ பட்டன் உள்ளவர்கள் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அதில் ‘நார்மல்’ 40 நிமிடம் என்று இருக்கும், நீள அரிசிக்கு அது அதிகம், ‘லெஸ்’ என்பது 20 நிமிடம், அது பொருந்தும். நான் எப்போதும் ‘பிரஷர் குக்’ அல்லது ‘மேனுவல்’ அழுத்தி நிமிடத்தை நானே வைப்பேன்.

திரையில் ஓடுகிற நேரம் பிரஷர் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கும். ஏற எட்டு பத்து நிமிடம், வேக 22, அடங்க 15, ஆக முக்கால் மணி நேரம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றினால் ஏறும் நேரம் பாதியாகும்.

அரிசியையும் முகர்ந்து பாருங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் பிரவுன் ரைஸ் வெள்ளை அரிசி மாதிரி வருடக்கணக்காகத் தாங்காது, அலமாரியில் ஆறு மாதம், அதற்கு மேல் காறல் வாடை அடிக்கும், சோறு லேசாகக் கசக்கும். ஃபிரீசரில் வைத்தால் ஒரு வருடம் தாண்டியும் நன்றாக இருக்கும். சாம்பார் வாடை சோற்றில் வந்தால் அது அரிசியின் குற்றம் இல்லை, மூடியின் சிலிக்கான் கேஸ்கட் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றுக்கென்று தனிக் கேஸ்கட் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.


மலையேறி:

டென்வரில் இருக்கிறேன், கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. இந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது படித்தால் மேலே சொன்ன நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் 11 பிஎஸ்ஐயைச் சேர்க்கிறது, மலைமேல் வெளிக்காற்றே மெலிந்தது, அதனால் உள்ளே சூடும் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும். 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் நேரத்தில் 5 சதவீதம் கூட்டுவது வழக்கம். எங்கள் வீட்டில் நேரடியாக வைக்கும் பிரவுன் ரைசுக்கு 26 நிமிடம், அடுக்கு முறையில் 34. தண்ணீரில் மாற்றமில்லை, அதே ஒன்றேகால். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இந்தக் குக்கர் வைத்திருப்பவர்களுக்கும் உயரம் ஏழாயிரம் அடியைத் தாண்டுவதால் கிட்டத்தட்ட 28 நிமிடம் வரும்.